சான்று தேடிய தனிநாயகம் அடிகள்

பிரிக்பீல்ட்சிலிருந்து மலாயாப் பல்கலைக்கழகம் அதிகத் தொலைவில் இல்லை. அங்குள்ள இந்திய ஆய்வியல் துறையில் 1961-ஆம் ஆண்டு முதல் பேராசிரியராகப் பணியாற்றியவர் தனிநாயகம் அடிகள். உலகத் தமிழ் மாநாடு என்றதும் அவர் பெயர் நினைவுக்கு வரும். ஆனால், அந்த மாநாட்டுக்குப் பின்னால் இருந்த தேடலை இளைய தலைமுறையினர் பலர் அறிந்திருக்கவில்லை.

யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைப் பகுதியில் 1913 ஆகஸ்டு 2-இல் பிறந்தவர்; கத்தோலிக்கக் குரு. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்தபோதுதான் தமிழை ஆழ்ந்து கற்கத் தொடங்கினார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1952-இல் ‘தமிழ் கல்ச்சர்’ என்ற ஆங்கில ஆய்விதழைத் தொடங்கினார். 1956-இல் இலங்கையில் ‘சிங்களம் மட்டும்’ சட்டம் வந்தபோது, தமிழரின் மொழி உரிமைக்காகப் பேசினார், எழுதினார்.

தமிழ் தொன்மையான மொழி என்று மேடையில் முழங்கினால் தமிழர் கைதட்டுவர். பிறர் ஏற்க வேண்டுமானால் சான்று வேண்டும். அந்தச் சான்றைத் தேடித்தான் அடிகளார் ஐரோப்பிய நூலகங்களின் படியேறினார்.

லிஸ்பன் நகரில் 1554-இல் ரோமன் எழுத்துகளில் அச்சான தமிழ் நூலை ஆய்வாளர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். கேரளத்து அம்பலக்காட்டில் 1679-இல் அச்சான, புரோயன்சா பாதிரியாரின் தமிழ்-போர்த்துக்கீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்தார். அத்துடன் நின்றுவிடவில்லை. 1966-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழியாக அதனை அப்படியே மறுபதிப்புச் செய்தார். அலமாரியில் உறங்கிய நூல் கோலாலம்பூரில் மறுபிறவி எடுத்தது.

1964 ஜனவரியில் டில்லியில் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றவர்களுள் அவரும் ஒருவர். மன்றத்தின் முதல் மாநாடு 1966 ஏப்ரல் 16 முதல் 23 வரை கோலாலம்பூரில் நடைபெற்றது. பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் தொடக்கி வைத்தார். தமிழரல்லாத அறிஞர்களும் தமிழைப் பற்றிக் கட்டுரை படித்தனர். 1987-லும் 2015-லும் மாநாடு மீண்டும் இந்நகருக்கு வந்தது. அடிகளார் 1980 செப்டம்பர் 1-இல் மறைந்தார்.

மாநாடுகள் தொடர்ந்தன. சான்றைத் தேடிக் காக்கும் பழக்கம் தொடர்ந்ததா?

பிரிக்பீல்ட்சில் இரயில்வே தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த ‘நூறு வீடுகள்’ இன்று இல்லை. கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. எஞ்சியிருப்பவை தாத்தாவின் சம்பளச் சீட்டு, கப்பல் பயணச் சீட்டு, தோட்டப் பள்ளியில் எடுத்த படம், கோயில் கணக்குப் புத்தகம் போன்றவைதாம். வீடு மாறும்போது பழைய தாள் வியாபாரியிடம் முதலில் போவதும் இவையே!

இந்த நாட்டின் வளர்ச்சிக்குத் தமிழர் உழைத்தனர் என்று பேசினால் போதுமா? ஆதாரம் கேட்டால் எடுத்து வைக்க வேண்டியவை இந்தத் தாள்களே. படத்தின் பின்புறம் பெயர், ஊர், ஆண்டு எழுதி வைக்கலாம். ஒரு நகலை நூலகத்திடம் ஒப்படைக்கலாம். படத்தில் இருப்பவர் யாரென்று சொல்லக்கூடிய பாட்டி உயிரோடு இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.