நீரிணைக்கு மேலும் கீழும் மின்னோட்டம்

பகல் பதினொரு மணியளவில் யாழ்ப்பாணத்துத் தீவகத்திலுள்ள கரம்பொனில் நிற்பவரின் தலைக்கு மேலே, ஏறத்தாழ 105 கிலோமீற்றர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காகப் பல்லாயிரம் அம்பியர் மின்னோட்டம் பாய்ந்துகொண்டிருக்கும். கம்பியும் இல்லை, கோபுரமும் இல்லை. பொழுது புலர்ந்தபின் வலுக்கத் தொடங்கி, நண்பகலை அண்டி உச்சம் தொட்டு, வெயில் சாயச் சாய அடங்கிவிடும். இதற்கு மத்தியகோட்டு மின்தாரை என்று பெயர். வடக்குத் தெற்காக ஏறத்தாழ 600 கிலோமீற்றர் அகலமுள்ள இந்தப் பட்டைக்குள் ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு எல்லாமே அடங்குகின்றன. அக்கரையிலே இராமேசுவரமும்தான்.

இந்த ஓட்டம் ஏன் இங்கே பாய்கிறது, ஏன் சென்னைக்கு மேலே இந்த அளவுக்கு இல்லை? பூமியின் காந்தப்புலம் துருவங்களை அண்டிச் செங்குத்தாகவும் நடுப்பகுதியில் கிடையாகவும் அமைந்திருக்கிறது. அது சரியாகக் கிடையாக இருக்கும் இடங்களை இணைத்தால் வருவது காந்த மத்தியகோடு. அது புவியின் மத்தியகோட்டோடு பொருந்துவதில்லை. நமது பக்கத்தில் அது வடக்கே ஏறி, இலங்கையைக் குறுக்கே வெட்டிச் செல்கிறது. கரம்பொன் அதற்கு வடக்கே ஏறத்தாழ இரண்டு பாகை தூரத்தில் உள்ளது. மேலும் கீழும் சாயக்கூடிய காந்த ஊசி ஒன்றை இங்கே தொங்கவிட்டால், அது அநேகமாகத் தரைக்குச் சமாந்தரமாகவே நிற்கும்.

வலுவைப் பார்த்தால் இந்தப் புலம் மிக அற்பமானது: சுமார் 40,000 நானோடெஸ்லா. ஒரு டெஸ்லா இதைப்போல 25,000 மடங்கு. திண்மப் பொருள்களின் மின்கடத்தலைக் காந்தத்தால் மாற்ற முயலும் ஆய்வுகூடங்கள் டெஸ்லாக் கணக்கில்தான் பேசுகின்றன. 1990களில் பெங்களூரில் இரசாயனவியலாளர் சி.என்.ஆர். ராவ் குழுவினர் உட்பட உலகெங்கும் பலர் ஆராய்ந்த மங்கனீசு ஒட்சைட்டுகள் இதற்கு நல்ல உதாரணம். அவற்றில் சில, தாழ்ந்த வெப்பநிலையில் இலத்திரன்கள் ஒழுங்காக உறைந்து நிற்பதால் மின்னைக் கடத்தா. சில டெஸ்லாப் புலத்தைக் கொடுத்ததும் அந்த ஒழுங்கு உருகிக் குலைகிறது. பொருள் உலோகம்போலக் கடத்தத் தொடங்குகிறது. வெப்பத்தைக் கூட்டாமலே, காந்தத்தால் மட்டும் நிகழும் நிலைமாற்றம் இது.

அப்படியானால் நமது தீவின் மெல்லிய புலத்துக்கு வானத்தில் மட்டும் இத்தனை அதிகாரம் எப்படி வந்தது? விடை மோதல்களில் இருக்கிறது. காந்தப்புலத்தில் நகரும் இலத்திரன் வட்டமாகச் சுழல முயலும். ஒரு செப்புக் கம்பிக்குள், நமது புலத்தில் ஒரு சுற்றை முடிப்பதற்குள் அது கோடிக்கணக்கான தடவை மோதிச் சிதறிவிடும். நயினாதீவு அம்மன் தேரன்று வீதியில் ஒருவர் தன்னைத்தானே சுற்ற முயல்வதைப் போன்ற நிலை அது. நூறு கிலோமீற்றர் உயரத்திலோ காற்று மிக ஐதானது. அங்கே இலத்திரன் வினாடிக்குப் பதினொரு இலட்சம் தடவை சுழல்கிறது. மோதுவதோ சில பத்தாயிரம் தடவைதான். ஆகவே அது காந்தப்புலத்தின் பிடிக்குள் முழுமையாக அகப்பட்டுவிடுகிறது. கனமான நேரயன்களின் கதை வேறு. அவை வினாடிக்கு இருபது சுற்றளவே சுற்றக்கூடியவை. ஆயிரம் தடவைக்கு மேல் மோதுகின்றன. அதனால் அவை காற்றோடு ஒட்டிக்கொண்டே கிடக்கின்றன.

இந்த ஏற்றத்தாழ்வுதான் மின்தாரையை உண்டாக்குகிறது. பகலில் மேல்வளியின் காற்றோட்டங்கள் கிழக்கு நோக்கிய மெல்லிய மின்புலம் ஒன்றைத் தோற்றுவிக்கின்றன. வடக்கு நோக்கிய காந்தப்புலம் அதனோடு சேர்ந்து இலத்திரன்களை மேலே தள்ளுகிறது. நேரயன்கள் கீழேயே நின்றுவிடுவதால், மேலே எதிரேற்றமும் கீழே நேரேற்றமும் குவிந்து, முதலாவதைவிடப் பன்மடங்கு வலுவான செங்குத்து மின்புலம் பிறக்கிறது. அந்தப் புதிய புலம் இலத்திரன்களை மேற்கே விரட்டுகிறது. அதாவது மின்னோட்டம் கிழக்கே பாய்கிறது. 1879இல் எட்வின் ஹோல் தங்கத் தகட்டில் கண்ட அதே பக்கவாட்டு விளைவு, இங்கே தன்மேல் தானே ஏறி நின்று கடத்தலைப் பெருக்குகிறது. காந்தக்கோடுகள் சற்றே சாய்ந்தாலும் குவிந்த ஏற்றம் அவற்றின் வழியே வழிந்து போய்விடும். அதனால்தான் பட்டை இவ்வளவு ஒடுக்கம்.

தென்னாசியாவின் இந்த முனையில் காந்த அளவீடுகள் நெடுங்காலத்துக்கு முன்பே தொடங்கிவிட்டன. திருவனந்தபுரம் வானாய்வகத்தின் தலைவராக இருந்த ஜோன் அலன் புரூண், 1850களில் பொதிகைத் தொடரின் அகத்தியமலை உச்சியிலும் காந்தக் கருவிகளை நிறுவினார். அவர் வெளியிட்ட அளவீட்டு நூல் 1874இல் வந்தது. பேரு நாட்டின் உவாங்காயோவில் 1922இல் தொடங்கிய காந்த ஆய்வகம், காந்தப்புலத்தின் பகல்நேர மாற்றம் அங்கே அசாதாரணமாகப் பெரிது என்று காட்டியது. 1951இல் சிட்னி சாப்மன் அதற்குக் காரணமான மின்னோட்டத்துக்குப் பெயரிட்டார். 1963 நவம்பர் 21இல் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து இந்தியா முதல் ரொக்கெட்டை ஏவியதும், தும்பா காந்த மத்தியகோட்டை ஒட்டி இருந்ததால்தான். அந்த ஏவலில் உழைத்த இளம் பொறியியலாளர்களில் ஒருவர் இராமேசுவரத்து அப்துல் கலாம். அவர் பிறந்த கடற்கரைக்கு மேலேயும் இதே மின்தாரைதான் ஓடுகிறது.

எனக்கு மிகவும் நெருக்கமான பகுதி கீழே, கடலில் இருக்கிறது. மின்தாரை எழுந்து அடங்கும்போது தரையில் காந்தப்புலம் 50 முதல் 100 நானோடெஸ்லா வரை மாறுகிறது. மாறும் காந்தப்புலம் கடத்திகளில் மின்னோட்டத்தைத் தூண்டும். உப்புநீர் நல்ல கடத்தி, பாறை அப்படியல்ல. மின்தாரையின் நடு அச்சை அண்டிய இடங்களில் காந்தப்புலத்தின் செங்குத்துக் கூறு அநேகமாக மாறவே கூடாது. ஆனால் அப்படி அமைந்த திருவனந்தபுரத்தில் அது வெகுவாக மாறியது. 1970களிலிருந்து இந்திய ஆய்வாளர்கள் இதைத் துருவித் துருவி ஆராய்ந்து, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான ஒடுங்கிய வழியில் தூண்டப்பட்ட மின்னோட்டம் குவிந்து செல்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். எல்லைக்கோடு என்றே நாம் படித்துப் பழகிய பாக்கு நீரிணை, மின்னைப் பொறுத்தவரை ஒரு வாய்க்கால்.

எங்கே குவிகிறது என்பதில்தான் விவாதம். நீரிணை ஆழமற்றது, பெரும்பகுதி பதினைந்து மீற்றரைத் தாண்டாது. இவ்வளவு மெல்லிய நீர்ப்படையால் கண்ட மாற்றம் முழுவதையும் விளக்க முடியாது, அடியில் ஆழத்தில் நன்கு கடத்தும் பாறைத்தொகுதி ஒன்று இருக்கவேண்டும் என்பது ஒரு சாரார் கருத்து. இரு பக்கமும் உள்ள ஆழ்கடலும் கரையோர வடிவமும் போதும் என்பது மற்றவர் கருத்து. எனது சாய்வு முதலாவது பக்கம்.

இதற்குத் தீவகம் கொடுக்கக்கூடிய சாட்சியம் பெரிது. குவிந்த ஓட்டம் ஒன்றின் இரு பக்கங்களிலும் செங்குத்துக் கூறு எதிரெதிராக மாறும். வாகனமும் இரும்பு வேலியும் இல்லாத ஒரு காணியில், கரம்பொனில் ஒரு காந்தமானியும் அதே நாளில் இராமேசுவரத்தில் இன்னொன்றும் ஓடினால், காலை எட்டு மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையே ஒன்றின் வரைபு ஏறும்போது மற்றது இறங்குகிறதா என்று பார்த்துவிடலாம். விரைவான மாற்றங்கள் குறைந்த ஆழத்துக்கே இறங்கும். மெதுவானவை மேலும் ஆழத்துக்கு இறங்கும். ஆகவே நிமிட அளவு மாற்றங்களையும் மணிக்கணக்கான மாற்றங்களையும் தனித்தனியே பிரித்து எடுத்தால், ஓட்டம் நீரிலா பாறையிலா என்பதற்கான துப்பும் அந்த வரைபுகளிலேயே கிடைக்கலாம்.