பலகை தெரிகிறது, புத்தகம்?

ரஞ்சன்குடிக் கோட்டை மதிலைத் தொலைவிலிருந்து பார்க்கிறீர்கள். உங்கள் இரு கண்களும் ஏறக்குறைய நேர் எதிரே நோக்குகின்றன. கண்வில்லை ஓய்வில் இருக்கிறது. இனி 33 செ.மீ. தூரத்தில் புத்தகத்தைப் பிடியுங்கள். இரு கண்களும் மூக்கின் பக்கம் திரும்ப வேண்டும். வில்லை பருத்து 3 டையாப்டர் திறனைக் கூட்ட வேண்டும். ஒரு மணி நேரம் படித்தால் அந்த ஒரு மணி நேரமும் இதே வேலைதான்!

6 மீட்டர் தள்ளி நின்று எழுத்துப் பலகையைப் படிக்கும் பள்ளிச் சோதனை இதை அளப்பதில்லை. பலகையில் கடைசி வரிவரை படித்துவிடும் மாணவனுக்கும் புத்தகத்தில் எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரியலாம், தலை வலிக்கலாம். 'கவனமில்லை' என்று திட்டும் வாங்குவான், பாவம்.

ஒரு பென்சில் முனையை மூக்கை நோக்கி மெல்லக் கொண்டு வாருங்கள். சுமார் 6 செ.மீ. நெருங்கும்வரை அது ஒன்றாகவே தெரிய வேண்டும். பலமுறை பார்த்தும் அதற்கு முன்பே இரண்டானால், ஆப்டோமெட்ரிஸ்டிடம் கிட்டப் பார்வையையும் இரு கண் ஒத்துழைப்பையும் சோதிக்கச் சொல்லுங்கள். கேட்டால்தான் சில இடங்களில் செய்வார்கள்.

இது அரிய குறையன்று. சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு நகர, கிராமப் பள்ளிகளில் 920 பேரைச் சோதித்து 2017இல் வெளியிட்ட முடிவின்படி, பத்துப் பேரில் ஏறக்குறைய மூவருக்கு இத்தகைய குறை இருந்தது.

கண்கள் குவியாத குறைக்குப் பயிற்சி உண்டு. 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மருத்துவமனையில் 12 வாரம் பயிற்சி பெற்றவர்களில் நான்கில் மூவருக்குப் பலன் கிடைத்தது. ஆனால் 2019இல் வெளியான மற்றோர் ஆய்வில், படித்ததைப் புரிந்துகொள்ளும் திறனில் உண்மைப் பயிற்சி பெற்றவர்களும் போலிப் பயிற்சி பெற்றவர்களும் ஒரே அளவில்தான் முன்னேறினார்கள். எழுத்தை ஒலியோடு இணைக்கத் தடுமாறும் டிஸ்லெக்சியாவின் வேர், கண்ணில் இல்லை, மூளையில் இருக்கிறது.