பால் மறக்கடிக்குமுன் மிஸ்ஸியைக் கேளுங்கள்



“பிள்ளைக்கு மூன்று மாதம் முடிந்துவிட்டது. அடுத்த வாரம் வேலைக்குப் போகவேண்டும். டின் பாலுக்கு மாற்றிவிடலாமா?” தோட்டத்தில் இந்தக் கேள்வியைப் பக்கத்து வீட்டிலும் கடையிலும் கேட்கிறோம். கேட்கவேண்டிய இடம் கிளினிக்.

தீபகற்ப மலேசியாவில் 60 நாளாக இருந்த பிரசவ விடுமுறை, 2023 ஜனவரி முதல் 98 நாளாக உயர்ந்தது. ஆனால், குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கவேண்டிய காலம் ஆறு மாதம். அதாவது 180 நாள். தண்ணீர்கூட வேண்டாம். இடையில் இருக்கும் 82 நாள்களில்தான் டின் பால் வீட்டுக்குள் வருகிறது.

இந்தக் கவலை புதிதன்று. இனிப்பூட்டிய டின் பாலைத் தாய்ப்பாலுக்கு ஈடென்று விளம்பரம் செய்வதைக் கொலைக்கு ஒப்பிட்டு, 1939இல் சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் பேசினார். அந்தப் பாலில் சர்க்கரை மிகுதி. குழந்தை வளரத் தேவையான சத்து குறைவு. நம் பினாங்கும் இதில் பின்தங்கவில்லை. பயனீட்டாளர் தலைவர் அன்வார் ஃபசால் போன்றோர் உழைத்தார்கள். 1981இல் உலகச் சுகாதார நிறுவனம் பால்மாவு விற்பனைக்கு விதிமுறை வகுத்தது. 1991இல் தோன்றிய உலகத் தாய்ப்பால் கூட்டணிக்குப் பினாங்கே தலைமையிடமானது. 1992 முதல் ஆகஸ்டு முதல் வாரம் தாய்ப்பால் வாரமாகக் கொண்டாடப்படுகிறது.

சரி, வேலைக்குப் போகும் தாய் என்ன செய்வது? விடுமுறை முடிவதற்கு இரண்டு வாரம் முன்பே கிளினிக் மிஸ்ஸியைப் பாருங்கள். கையால் பால் பீய்ச்சி எடுக்கும் முறையைக் காட்டச் சொல்லுங்கள். சுத்தமான, மூடியுள்ள பாத்திரத்தில் எடுத்த பாலைக் குளிர்சாதனப் பெட்டியில் 4 நாள் வரை வைக்கலாம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி அதைச் சிறு கிண்ணத்தால் புகட்டலாம். மாவுப் பால் கொடுத்தே தீரவேண்டும் என்றால், அளவையும் மிஸ்ஸியிடமே கேளுங்கள். டின் நாள்பட வரட்டும் என்று தண்ணீரைக் கூட்டினால் பிள்ளை மெலிந்துபோகும்.

ஆறு மாதம் நிறைந்ததும் கெட்டியான கஞ்சியில் தொடங்குங்கள். முதலில் இரண்டு மூன்று கரண்டி போதும். பிறகு பருப்பு, மசித்த பூசணி, முட்டை, முள் நீக்கி அரைத்த மீன் என்று ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடாது.

பால் மறக்கடிப்பது என்றால் ஒரே நாளில் வேப்பிலை அரைத்துப் பூசி நிறுத்துவது என்று நினைக்கிறோம். அப்படியன்று. சோறு கூடக்கூடப் பால் மெல்லக் குறையவேண்டும். இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் தரலாம்.

கிளினிக்கில் தந்த குழந்தைப் புத்தகத்தை மறவாமல் கொண்டுபோங்கள். எடைக்கோடு மேலே ஏறாமல் படுத்துவிட்டால், “ஏன்?” என்று கேளுங்கள். பிள்ளை பால் குடிக்க மறுத்தாலும், வயிற்றுப்போக்கில் சோர்ந்தாலும், சிறுநீர் குறைந்தாலும் மறுநாள் வரை பொறுக்கவேண்டாம். உடனே தூக்கிக்கொண்டு போங்கள்.

கேட்பதில் வெட்கமில்லை. கேளாமல் விட்டால், அதன் துன்பத்தைப் பேசத் தெரியாத பிள்ளையல்லவா சுமக்கும்?