அமிலம் தொட்டால் இளகும் கல்

ஹட்டனிலிருந்து நோட்டன் பிரிட்ஜுக்கு இறங்குகிறவர்கள் அணைக்கட்டைப் பார்ப்பார்கள், அதன் பின்னால் தேங்கிய கெஹெல்கமு ஓயாவின் நீரைப் பார்ப்பார்கள். பாதைக்காக வெட்டிய சரிவில் நிற்கும் பாறையை நின்று பார்ப்பவர்கள் குறைவு. ஈரத்தில் கறுத்து, பாசி பிடித்து, பார்வைக்கு ஒன்றுமில்லாத கல் அது. அதில் ஒரு துண்டை உடைத்து, ஒளி ஊடுருவும் அளவுக்கு, அதாவது 0.03 மில்லிமீற்றர் தடிப்புக்குத் தேய்த்து, நுணுக்குக்காட்டியில் வைத்தால் வேறோர் உலகம் தெரியும். குவார்ட்ஸும் பெல்ட்ஸ்பாரும் பெரிய மணிகளாக இடத்தைப் பிடித்திருக்கும். அவற்றுக்கு இடையிலும், சில வேளை அவற்றின் வயிற்றுக்குள்ளேயும், சிறு ஊசிகளும் ஆறுபக்கத் தூண்களுமாக ஒரு கனிமம் சிதறிக் கிடக்கும். அதுதான் அபடைட்.

கல்சியமும் பொஸ்பேட்டும் சேர்ந்த கனிமம் இது. பாறையில் இருக்கும் பொஸ்பரஸின் பெரும்பகுதி இதற்குள்தான் அடைபட்டிருக்கிறது. பூமியின் மேலோட்டில் பொஸ்பரஸ் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான். அந்தச் சொற்பத்தை நம்பித்தான் தேயிலைச் செடியும், அதைக் கிள்ளும் கையும், அந்தக் கைக்குள் இருக்கும் எலும்பும் உண்டாகியிருக்கின்றன. எலும்பின் கனிமமும் இதே அபடைட்தான், சிறிய மாற்றங்களுடன். கல்லில் இருப்பதையும் எலும்பில் இருப்பதையும் ஒரே பெயரால் அழைப்பது வெறும் உவமை என்று நினைத்துவிட வேண்டாம். எக்ஸ் கதிரை ஊடே செலுத்திப் பார்த்தால் இரண்டிலும் அணுக்கள் ஒரே ஒழுங்கில்தான் அடுக்கப்பட்டிருக்கும்.

மத்திய மலைநாட்டின் பாறைகள் கடைசியாகப் பெருஞ்சூட்டில் வெந்து உருமாறியது ஏறத்தாழ 55 முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அப்போது இலங்கையும் தென்னிந்தியாவும் கொண்டுவானாப் பெருநிலத்தில் ஒட்டியிருந்தன. இந்த மலைகளில் நிறையக் காணப்படும் சார்னோக்கைட், சென்னைக்கு அருகே பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் கிடைக்கும் அதே வகைப் பாறை. தமிழ்நாட்டிலிருந்து கோப்பிக் காட்டில் வேலை செய்ய நடந்து வந்தவர்கள், மலை வேறு, குளிர் வேறு என்று கண்டார்கள். காலுக்குக் கீழே இருந்த கல்லின் இனம் மட்டும் பழையதே.

இலங்கையின் பளிங்குக் கற்களில் அபடைட் அழகாகவே கிடைக்கும், நீலமாகக்கூட. ஆனந்த குமாரசுவாமியை உலகம் கலை வரலாற்று ஆசிரியராக அறியும். 1902இல் அவர் எழுதியது இந்தத் தீவின் படிகச் சுண்ணாம்புக் கற்களை, அதாவது இதே பளிங்கைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை. மறு ஆண்டு தொடங்கி 1906 வரை இலங்கைக் கனிம அளவாய்வின் பணிப்பாளராக இருந்தார். நடராசரைப் பற்றி எழுதிய கை அதற்கு முன் கல்லைத்தான் பிடித்திருந்தது என்பது எனக்குப் பிடித்த செய்தி. இரத்தினக்கல் வியாபாரிகளிடம் அபடைட்டுக்கு அவ்வளவு மதிப்பில்லை. கனிமங்களின் கடினத்தை அளக்கும் பத்துப்படி மோஸ் அளவுகோலில் அது ஐந்தாம் படியில் நிற்கிறது. நல்ல கத்தி கீறிவிடும்.

கடினம் நடுத்தரம் என்பதைவிட, அமிலத்துக்கு அது பணிந்துபோகும் என்பதே இங்கே முக்கியம். அபடைட் படிகத்தின் நடுவே மூங்கில் குழல்போல நீள வாய்க்கால்கள் ஓடுகின்றன. அந்த வாய்க்கால்களில் புளோரின், குளோரின், ஐதரொக்சில் என்று மூன்றில் எதுவும் உட்காரலாம். புளோரின் அளவில் கச்சிதமாகப் பொருந்துவதால் படிகம் இறுகும். ஐதரொக்சில் உட்கார்ந்தால் கொஞ்சம் தளரும். பொஸ்பேட்டின் இடத்தில் காபனேற்றும் நுழைந்துவிட்டால் இன்னும் தளரும். சுற்றிலும் அமிலம் கூடினால், ஐதரசன் அயன்கள் பொஸ்பேட்டைப் பற்றிக்கொண்டு கல்சியத்திடமிருந்து பிரித்துவிடும். படிகம் கரையும். கல்லில் நடப்பதும் பல்லில் நடப்பதும் இதே வினைதான்.

புவிச்சரிதவியலாளர்கள் இந்தப் பலவீனத்தையும் பயன்படுத்திக்கொண்டார்கள். அபடைட்டில் துளியூண்டு யுரேனியம் இருக்கும். அது எப்போதாவது தானாகப் பிளக்கும்போது படிகத்துக்குள் ஏறத்தாழ 16 மைக்ரோமீற்றர் நீளத்துக்கு ஒரு தழும்பு விழும். பாறை 110, 120 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக இருக்கும்வரை தழும்பு ஆறிவிடும். 60 பாகைக்குக் கீழே குளிர்ந்தபின் நிலைத்துவிடும். அவ்வளவு சூடு இருப்பது நிலத்துக்குச் சில கிலோமீற்றர் ஆழத்தில். படிகத்தை நைத்திரிக் அமிலத்தில் சில விநாடிகள் தோய்த்தால் கண்ணுக்குத் தெரியாத தழும்புகள் அகன்று தெரியவரும். அவற்றை எண்ணினால், பாறை ஆழத்திலிருந்து எப்போது மேலே ஏறி வந்தது என்று கணக்கிடலாம்.

இனி மண்ணுக்கு வருவோம். மலைப்பாறை மழையில் ஊறி மக்கி, செம்மஞ்சள் மண்ணாகிறது. இந்த மண் அமில மண். தேயிலைக்கு அதுதான் பிடிக்கும், பீஎச் 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருந்தால் செடி செழிக்கும். மண்ணின் அமிலம் அபடைட்டைக் கரைத்துப் பொஸ்பரஸை வெளியே விடுகிறது என்றால் நல்லதுதானே? அங்கேதான் சிக்கல். அதே அமிலம் அலுமினியத்தையும் இரும்பையும் விழிக்க வைக்கிறது. வெளியே வந்த பொஸ்பேட்டை அவை உடனே பிடித்துக் கட்டிப்போடுகின்றன. வேர் அதில் ஒரு பங்கைத்தான் எட்ட முடியும். போதாததற்குக் கொழுந்து பறித்துக் கொண்டுபோகும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பொஸ்பரஸ் கூடையேறி மலையை விட்டுப் போய்விடுகிறது. எனவே உரம் வேண்டும்.

கோப்பிக் காலத்துத் துரைமார் புண்ணாக்கும் எலும்பும் வாங்கிப் போட்டார்கள். எலும்பில் சத்து இருக்கிறது என்று அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். இங்கிலாந்தில் ஜோன் பெனட் லோஸ் 1842இல் பொஸ்பேட்டைக் கந்தக அமிலத்தில் கரைத்து உரமாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். உலகமெங்கும் உரத் தொழிற்சாலைகள் இன்றும் செய்வது ஏறத்தாழ அதையேதான்: மண் மெதுவாகச் செய்வதை அமிலத்தை ஊற்றி விரைவாக முடிப்பது.

1971இல் இலங்கைப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களம் அநுராதபுர மாவட்டத்தில் எப்பாவல என்ற இடத்தில் அபடைட் குவியலைக் கண்டது. காபனடைட் எனப்படும் அபூர்வமான சுண்ணாம்புவகைத் தீப்பாறை அங்கே நெடுங்காலம் வெயிலிலும் மழையிலும் கரைந்தது. எளிதில் கரைவது போக, எஞ்சிய அபடைட் குன்றுகளாகக் குவிந்தது. மதிப்பீடு 6 கோடி தொன். 1974இல் அகழ்வு தொடங்கியது. (தமிழ்நாட்டிலும் காபனடைட் உண்டு, திருப்பத்தூர் அருகே சேவத்தூரில், அபடைட்டோடு.) எப்பாவலக் கல்லை அரைத்த தூள் நெல்லுக்கு அவ்வளவாக உதவாது; வயல் மண்ணுக்கு அதைக் கரைக்கும் அமிலம் போதாது. தேயிலைக்கும் இறப்பருக்கும் தென்னைக்கும் அது சரிப்பட்டு வருகிறது. ஆண்டுக்கணக்கில் நிலத்தில் நிற்கும் செடிக்கு, ஆண்டுக்கணக்கில் கரையும் உரம். தோட்டத்தில், காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்திலிருந்து சாக்கைச் சுமந்து மலையேறி உரம் போடுகிறவர்கள், கையில் அள்ளி வீசும் கலவையில் அந்த வடக்குக் குன்றின் தூளும் கலந்திருக்கும். 2021இல் இரசாயன உர இறக்குமதியை அரசு திடீரென்று நிறுத்தி, அதே ஆண்டில் தடையைத் தளர்த்த நேர்ந்தபோது, நாட்டுக்குள்ளேயே கிடைக்கும் இந்தக் கல்லின் பெயர் மறுபடி அடிபட்டது.

அந்தக் குன்றுக்காக ஒரு வழக்கும் நடந்திருக்கிறது. 1990களில் அமெரிக்கக் கம்பனிகளோடு முப்பதாண்டு ஒப்பந்தம் ஒன்றுக்கு அரசு தயாரானது. ஊர்க்காரர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். 2000 ஜூனில் நீதியரசர் அமரசிங்க எழுதிய தீர்ப்பு, உரிய சுற்றாடல் மதிப்பீடு இல்லாமல் ஒப்பந்தம் கூடாது என்று நிறுத்திவிட்டது. கலாவாவியிலிருந்து அநுராதபுரத்துக்கு ஓடும் ஜய கங்கை அந்தப் பகுதியைக் கடந்துதான் போகிறது. ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேனன் வெட்டிய, மிகச் சொற்பச் சரிவில் நீரை ஓட்டிய கால்வாய் அது. கல் ஓரிரு தலைமுறையில் கப்பலேறிவிடும், கால்வாயோ 1500 ஆண்டு பழையது என்று கணக்குப் போட்டால் தீர்ப்பு எனக்குச் சரியாகவே படுகிறது.

அபடைட்டோடு புளோரினும் வருகிறது. தேயிலைச் செடி அமில மண்ணிலிருந்து அலுமினியத்தோடு புளோரைட்டையும் உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கும். வயதான இலையில் அது நிறைய, கொழுந்தில் குறைவு. இரண்டு இலையும் ஓர் அரும்பும் என்று கிள்ளுவதால் நம் தேத்தண்ணியில் அளவாகத்தான் இருக்கிறது. முதிர்ந்த இலையையும் தண்டையும் அழுத்திச் செய்யும் திபெத்திய, மங்கோலியக் கட்டித் தேயிலையைக் காலமெல்லாம் குடிப்பவர்களுக்குப் பல்லும் எலும்பும் புளோரைட் மிகுதியால் கெடுகின்றன. அநுராதபுரம் போன்ற வறண்ட வலயத்தில் பிரச்சினை கிணற்றுத் தண்ணீரிலேயே இருக்கிறது. பாறைக் கனிமங்களிலிருந்து கசிந்த புளோரைட் நிலத்தடி நீரில் தேங்கி, பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறையாக விழுகிறது. மழை கொட்டும் மலைநாட்டில் அதை நீர் கழுவிக்கொண்டு போய்விடும்.

பல்லின் எனாமல் எடையில் 96 வீதம் அபடைட். வாயில் பீஎச் 5.5க்குக் கீழே இறங்கினால் அது கரையத் தொடங்கும். தேயிலை மண்ணுக்குச் சொன்ன அதே எல்லை. சீனியைத் தின்னும் பற்கிருமிகள் அமிலத்தைக் கக்கி அந்த எல்லையைத் தாண்டுகின்றன. உமிழ்நீர் திரும்பவும் கல்சியமும் பொஸ்பேட்டும் கொண்டுவந்து ஓட்டையை அடைக்கப் பார்க்கும். அப்போது கொஞ்சம் புளோரைட் இருந்தால் வாய்க்காலில் அது போய் உட்கார, புதிதாகக் கட்டப்படும் படிகம் பழையதைவிட அமிலத்தைத் தாங்கும். பற்பசையின் விஞ்ஞானம் இவ்வளவுதான்.

எலும்பில் கதை இன்னும் விந்தை. அங்கே அபடைட் தகடுகள் ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் இரண்டு மூன்று பங்கு தடிப்பே உள்ளவை. கொலாஜன் இழைகளுக்கு இடையில் செருகிக் கிடக்கின்றன. காபனேற்று கலந்து வேண்டுமென்றே தளர்வாகக் கட்டப்பட்டதுபோல் இருக்கும். உடல் அதை உடைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் அந்தத் தளர்வு நல்லது. எலும்பு அழிகலம் என்றொரு கலம் எலும்பின் மேல் குப்புற ஒட்டிக்கொண்டு, விளிம்பை அடைத்து, அந்தச் சிறு குழிக்குள் ஐதரொகுளோரிக் அமிலத்தைச் சுரக்கிறது. குழியின் பீஎச் ஏறத்தாழ 4.5. நல்ல தேயிலை மலையின் கீழெல்லை எதுவோ அதுவே. கல் கரைந்து கல்சியமும் பொஸ்பேட்டும் இரத்தத்துக்குப் போகின்றன. பின்னால் வரும் வேறு கலங்கள் புதிய எலும்பைக் கட்டுகின்றன. வளர்ந்த ஒருவரின் எலும்பில் ஆண்டுக்குப் பத்து வீதம் அளவுக்கு இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. உடம்பில் உள்ள 700 கிராம் அளவான பொஸ்பரஸில் 85 வீதம் எலும்பிலும் பல்லிலுமே இருப்பில் கிடக்கிறது.

செத்தபின் இந்தக் கணக்கை மண் எடுத்துக்கொள்ளும். தேயிலை மலையில் புதைத்த உடலின் எலும்பு நெடுநாள் நிற்காது. மண்ணின் அமிலம் அதையும் கல்லைக் கரைப்பதுபோலவே கரைத்து, பொஸ்பேட்டை அலுமினியத்திடம் ஒப்படைத்துவிடும். மலையகத்தின் முதல் தலைமுறைகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் அரிது. அவர்களின் எலும்பையும் இந்த ஈர மண் விட்டுவைத்திருக்காது.

ஆனால் ஆற்றோடு கீழே போனால் வேறு நிலைமை. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் சேர்ந்து களனி கங்கையாகி ஓடும் வழியில் கித்துல்கல இருக்கிறது. அங்குள்ள பெலிலென குகையை 1970களின் இறுதியில் தொல்லியலாளர் சிரான் தெரணியகல அகழத் தொடங்கினார். ஆதிமனித எலும்புகள் அங்கே கிடைத்தன. பாறைக் கூரையின் கீழ் மழை விழவில்லை. அவர்கள் தின்றுவிட்டு எறிந்த நத்தை ஓடுகளின் சுண்ணமும் அடுப்புச் சாம்பலும் மண்ணின் அமிலத்தை முறித்துவிட்டன. தங்கள் சமையல் கழிவாலேயே அந்த மனிதர்களின் எலும்பு தப்பியது.

2015இல் பற்றிக் ரொபேட்ஸ், நிமல் பெரேரா முதலான ஆய்வாளர்கள் பட்டதொம்பலென, பாஹியங்கல உட்பட நான்கு இலங்கைத் தொல்லிடங்களில் கிடைத்த 26 மனிதர்களின் பற்களைச் சோதித்த முடிவுகளை வெளியிட்டார்கள். எலும்பை விட்டுப் பல்லின் எனாமலை எடுத்ததற்குக் காரணம் உண்டு. எலும்பின் அபடைட் மண்ணில் கிடக்கும்போது வெளி நீரோடு அணுக்களை மாற்றிக்கொள்ளும். எனாமல் இறுகியது, அவ்வளவு எளிதில் மாறாது. சிறுவயதில் பல் உருவாகும்போது உணவிலிருந்து வந்த காபன், காபனேற்றாக அந்தப் படிகத்தில் ஒட்டியிருக்கும். அடர்காட்டு நிழலில் வளரும் செடியின் காபன் சமதானி (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) அளவு வேறு, வெட்டவெளிப் புல்லின் அளவு வேறு. அளந்து பார்த்ததில், குறைந்தது 20,000 ஆண்டுகளாக அந்த மக்கள் மழைக்காட்டை நம்பியே வாழ்ந்தார்கள் என்று தெரிந்தது. அதிலும் இருண்ட நடுக்காட்டைவிட, வெளிச்சம் விழும் காட்டோரங்களே அவர்களுக்கு உகந்தவையாக இருந்திருக்கின்றன. மழைக்காட்டில் மனிதன் அண்மைக் காலத்தில்தான் பிழைக்கக் கற்றான் என்ற எண்ணத்தை அந்தப் பற்கள் அசைத்துவிட்டன.

அதே சோதனையை நோட்டன் பிரிட்ஜ் லயத்தில் இன்று பால்பல் விழுந்துகொண்டிருக்கும் ஒரு பிள்ளையின் நிலைப்பல்லில் செய்தாலும் விடை வரும். சோறும் கோதுமை ரொட்டியும் தரும் காபன் ஒரு வகை. கரும்பு அந்த வெட்டவெளிப் புல்லைப் போலக் காபனைச் சேர்ப்பது, அதன் காபன் வேறு வகை. எனவே தேத்தண்ணிக்குப் போட்ட சீனி, பல்லைச் சொத்தையாக்காமல் விட்ட இடத்தில்கூட, எனாமலின் காபன் கணக்கைச் சற்று நகர்த்தும் ஒரு பங்காகப் பதிந்திருக்கும்.