பாதம் எங்கே முடிகிறது?

கால் விரல்களை மடக்கிப் பாருங்கள். மடங்குவது விரல்தான், அதை இழுக்கும் பெரிய தசைகள் கெண்டைக்காலுக்குள் இருக்கின்றன. அங்கிருந்து நீண்ட தசைநாண்கள் கணுக்காலைத் தாண்டி வந்து விரல் எலும்பில் ஒட்டுகின்றன. கணுக்காலில் உள்ள தாலஸ் எலும்பு இன்னும் விசித்திரம். அதில் ஒரு தசைகூட ஒட்டியிருப்பதில்லை. பாதத்தின் 26 எலும்புகளில் ஒன்றாக அதை எண்ணுகிறோம். கீழ்க்காலின் இரண்டு எலும்புகளோடு சேர்ந்து கணுக்கால் மூட்டாக அமைவதும் அதுவே.

அப்படியானால் பாதம் எங்கே முடிகிறது? உடற்கூறியலுக்கு இந்தக் கேள்வியால் பெரிய சங்கடம் இல்லை. அமெரிக்கச் சட்டத்துக்கு உண்டு. அங்கே பொடியாட்ரிஸ்ட் எனப்படும் பாத மருத்துவர்கள் தனிக் கல்லூரியில் நான்காண்டு படித்து வருகிறவர்கள். அவர்கள் உடலில் எதுவரை சிகிச்சை செய்யலாம் என்று வரையறுத்து உரிமம் கொடுப்பது மாநில அரசு. மருத்துவத் தொழிலைக் கட்டுப்படுத்த மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1889-இலேயே சொல்லிவிட்டது. எனவே மாநிலத்துக்கு மாநிலம் கணக்கு மாறும்.

டெக்சஸ் சட்டம் பொடியாட்ரி என்பது மனிதப் பாதத்துக்கான சிகிச்சை என்றது. பாதம் எது என்று சொல்லவில்லை. 2001-இல் பாத மருத்துவ வாரியமே ஒரு விதி எழுதியது: கீழ்க்கால் எலும்புகள் தாலஸைச் சந்திக்கும் இடம் முதல் விரல்கள்வரை எல்லாம் பாதம், அங்கே வந்து ஒட்டும் தசைகளும் நாண்களும் உட்பட. எலும்பு மருத்துவர்கள் சும்மா இருப்பார்களா? அவர்களது சங்கம் வழக்குத் தொடுத்தது. சட்டம் தந்த வரம்பை விதி மீறுகிறது என்று 2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது.

கலிஃபோர்னியா கணுக்காலைச் சட்டத்திலேயே சேர்த்துவிட்டது. பாதத்தில் ஒட்டும் நாணில் பாத மருத்துவர் கத்தி வைக்கலாம். அதை இழுக்கும் கால் தசைக்கு அறுவையில்லாத சிகிச்சை மட்டும்தான். ஒரே உறுப்பின் இரு முனைகளுக்கு இரு சட்டம்.

இந்தச் சண்டையில் தொழில் போட்டி இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனாலும் பயிற்சி போதுமா என்ற கேள்வி நியாயமானது. அதற்கு நியூயார்க் கண்ட வழி எனக்குச் சரியாகப் படுகிறது. 2014-இல் நடைமுறைக்கு வந்த அதன் சட்டப்படி, கணுக்காலைத் தொட விரும்பும் பாத மருத்துவர் அதற்கான பயிற்சியைக் காட்டித் தனி அனுமதி பெற வேண்டும்.