மணலுக்கு மேல் ஒரு பாதை

தருமபுரிக்காரர்களுக்குக் கடல் கிடையாது. தண்ணீரைக் கண்ணாரப் பார்க்க வேண்டுமென்றால் பென்னாகரம் தாண்டி மலையிறங்கி ஒகேனக்கல்லுக்குப் போவோம். அதுவும் எல்லோருக்கும் வாய்க்காது. பாறையில் ஏறி இறங்க வேண்டும். பரிசலில் காலை மடக்கி உட்கார வேண்டும். என் அத்தைக்கு ஐம்பது வயதிலேயே முழங்கால் மடங்காமல் போயிற்று. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடு எலும்பில் ஏறிவிட்டது என்றார் மருத்துவர். எங்கள் தெருவிலேயே அப்படி விறைத்த காலோடு நடந்தவர்கள் இன்னும் நான்கைந்து பேர். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற கணக்கு எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒகேனக்கல்லில் மாமாவும் பரிசல்காரரும் சேர்ந்து அத்தையைத் தூக்கிப் பரிசலில் வைப்பார்கள். அந்த நேரத்தில் அவர் கண்ணை இறுக மூடிக்கொள்வார். மனிதர் மனிதரைத் தூக்கிச் சுமந்த அந்தக் காலத்தின் நெருக்கம் போய்விட்டதாக இன்று சிலர் வருந்துகிறார்கள். மூடிய அந்தக் கண்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்த வருத்தம் இல்லை.

2011-ல் அத்தையை மெரினாவுக்கு அழைத்துப் போனேன். சாலையோரம் வரை இரண்டு கோல்களை ஊன்றி வந்துவிட்டார். அதற்கப்பால் மணல். ஊன்றிய கோல் ஒரு சாண் உள்ளே இறங்கியது. இரண்டடி வைத்து நின்றுவிட்டார். "நீ போயிட்டு வா கண்ணு, நான் இங்கயே இருக்கிறேன்" என்றார். கடைகளுக்கும் கூட்டத்துக்கும் இடையில் அவருக்குத் தெரிந்த கடல் நான்கு விரல் அகலம். நான் ஓடிப்போய்த் தண்ணீர் பாட்டிலில் கடல் நீரை மொண்டு வந்தேன். அதைப் பாதத்தில் ஊற்றிக்கொண்டு, மிச்சத்தைத் தலையில் தெளித்துக்கொண்டார்.

அந்த மணலுக்கும் ஒரு கதை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே இவ்வளவு மணல் இல்லை; அலை இன்றைய சாலைக்குப் பக்கத்திலேயே அடித்தது. 1870-களின் நடுவில் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். தெற்கிலிருந்து கடல் தள்ளிக்கொண்டு வந்த மணல் அந்தச் சுவரில் முட்டித் தேங்கி, கரை வளர்ந்தது. 1884-ல் ஆளுநர் கிராண்ட் டஃப் உலாவுவதற்குச் சாலை போட்டு, மெரினா என்று பெயரும் வைத்தார். கரையின் அகலம் இன்று சராசரியாக 300 மீட்டர், மிக அகன்ற இடத்தில் 437 மீட்டர். ஊருக்குப் பெரிய கடற்கரை கிடைத்தது. கோலூன்றி வருபவருக்கும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் கடல் அத்தனை மீட்டர் தள்ளிப்போனது.

பிறகு சில ஆண்டுகள், டிசம்பர் 3-ஐ, அதாவது உலக மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டி, மணலில் தற்காலிகப் பாதை போட்டார்கள். சில நாளில் பிரித்துவிடுவார்கள். வருடத்தில் சில நாள் மட்டும் திறக்கும் கடல் அது. நிரந்தரப் பாதை வேண்டும் என்று மாற்றுத்திறனாளி அமைப்புகள் விடாமல் கேட்டன. 2022 நவம்பர் 27 அன்று அது திறக்கப்பட்டது: விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், செலவு 1.14 கோடி ரூபாய். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மாண்டஸ் புயல் வந்து கடலோரப் பலகைகளைப் பெயர்த்துப் போட்டது. செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நல்லவேளையாகச் சரிசெய்து மறுபடி திறந்தார்கள்.

2024 தை மாதம் அத்தையைச் சக்கர நாற்காலியில் மறுபடி கூட்டிப் போனேன். இடையில் பலவும் மாறியிருந்தன. மாமா இல்லை. 2013-ல் எங்கள் ஊருக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்துவிட்டது. அந்தத் தண்ணீரில் வளர்ந்த பேத்திக்குப் பல்லில் ஃபுளோரைடுக் கறையே இல்லை. அத்தையின் முழங்காலுக்கு மட்டும் அது தாமதமாக வந்த தண்ணீர். ஊரில் அவரை 'நொண்டி' என்றவர்கள் உண்டு. இப்போது கையிலிருக்கும் அடையாள அட்டையில் மாற்றுத்திறனாளி என்று இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ன் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைத்தான் கணக்கில் எடுத்தது, 2016-ன் சட்டம் இருபத்தொன்றை எடுக்கிறது.

நாற்காலிச் சக்கரம் பலகை இடுக்குகளில் ஏறும்போது 'டக், டக்' என்று ஒரே சீராகச் சத்தம் வந்தது. அத்தை குனிந்து கைப்பிடி மரத்தைத் தடவினார். இந்தப் பாதையில் கருவேலமும் உண்டு என்றேன். "வண்டிக்குப் போடுற மரமாச்சே" என்று இன்னொரு முறை தடவினார். வழியெல்லாம் கண்ணைத் திறந்தே வைத்திருந்தார்.

பாதை முடிகிற இடத்துக்கும் அலைக்கும் நடுவே இன்னும் கொஞ்சம் மணல் கிடக்கிறது. சக்கரம் அங்கே இறங்காது. நான் பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கினேன். 2011-ல் நான் போனதும் வந்ததும் கூட்டத்தில் அவருக்குத் தெரியவில்லை. இந்த முறை தண்ணீர் மொள்ளும்போது திரும்பிப் பார்த்தேன். அத்தை கையைத் தூக்கி, "இன்னும் கொஞ்சம் உள்ள போய் மொண்டு வா கண்ணு, அங்க நுரை இல்லை" என்று சத்தமாகச் சொன்னார்.