நெடுந்தூரப் பயணத்தில் டிரெய்லரின் ஊசலாட்டமும் இணைப்பின் தேர்வும்

மாட்டுவண்டியில் பாரம் ஏற்றுவோர் முன்பாரம், பின்பாரம் என்னும் இரு சொற்களை மறப்பதில்லை. பாரம் பின்னே மிகுந்தால் ஏர்க்கால் மேலெழும்பி மாடுகளின் கழுத்துக்கயிறு இறுகும். முன்னே மிகுந்தால் நுகத்தடி பிடரியை அழுத்தும். காருக்கோ ஜீப்புக்கோ பின்னால் டிரெய்லரைப் பூட்டி நெடுந்தூரம் செல்வோரும் இதே கணக்கைத்தான் போடவேண்டும். மாட்டுவண்டியில் தவறு மெதுவாக வெளிப்படும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்திலோ, தவறு தெரிந்தபின் அதைத் திருத்தச் சில வினாடிகளே எஞ்சும்.

டிரெய்லர் வலமும் இடமுமாக ஆடுவதையே ஊசலாட்டம் என்கிறோம். பக்கக்காற்று, கடந்து செல்லும் பெரிய லாரி தள்ளும் காற்று, சாலையின் பள்ளம் ஆகியவற்றுள் எதுவும் அதைத் தொடங்கிவிடலாம். இணைப்புக் குமிழ் காரின் பின்னச்சுக்கு ஒரு மீட்டருக்கும் மேலாகப் பின்னால் நீட்டிக்கொண்டிருப்பதே இங்கு இடர்ப்பாட்டின் வேர். டிரெய்லரின் முனை அக்குமிழை இடப்புறம் தள்ளினால், அந்த நீட்டம் நெம்புகோலாக வேலைசெய்து, காரின் முகத்தை வலப்புறம் திருப்பிவிடுகிறது. ஓட்டுநர் திசைச்சக்கரத்தைத் திருப்பி அதைச் சரிசெய்ய முனைவார். ஆனால் ஓர் ஊசல் முடிய ஓரிரு வினாடிகளே ஆகுமாதலால், அவர் கை அசைவதற்குள் டிரெய்லர் எதிர்ப்புறம் திரும்பியிருக்கும். அவர் செய்த திருத்தமே அடுத்த ஆட்டத்திற்கு உதவிவிடும். குறைந்த வேகத்தில் டயர்களின் பிடிப்பு ஆட்டத்தைத் தானே அடக்கிவிடுகிறது. வேகம் கூடக்கூட அவ்வடக்கும் ஆற்றல் தேய்கிறது. ஒவ்வோர் இணைவண்டிக்கும் ஓர் எல்லை வேகம் உண்டு. அதைக் கடந்தால் ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகும். முடிவு, டிரெய்லர் மடிந்து காரின் மேல் சாய்வதே.

எந்த இணைப்பை வாங்குவது என்ற கேள்விக்கு முன்னர் பாரத்தைச் சீர்ப்படுத்தல் வேண்டும். அமெரிக்காவில் டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை ஏர்க்காலின் முனையில் அழுத்தவேண்டும் என்பது வழக்கு. 1,500 கிலோகிராம் டிரெய்லரானால் அது 150 முதல் 225 கிலோகிராம். இதைவிடக் குறைந்தால் ஊசலாட்டம் எளிதில் பிறக்கும். பாரம் முன்னே இருந்தால் மட்டும் போதாது. அது அச்சை ஒட்டியும் இருத்தல் வேண்டும். ஒரு கழியின் நடுவைப் பிடித்து, இரு கற்களை முதலில் நடுவருகிலும் பின்னர் இரு முனைகளிலும் கட்டித் திருகிப் பார்க்குமாறு மாணவரிடம் சொன்னால், அதன் காரணம் அவர் மணிக்கட்டுக்கே விளங்கும். பின்முனையில் நீர்த்தொட்டியையோ மிதிவண்டிகளையோ ஏற்றுவது இதனால்தான் தீது.

ஏர்க்கால் பாரத்தை அளக்க, ஆள் எடை பார்க்கும் சிறு தராசு போதும். ஒரு மீட்டர் ஐம்பது சென்டிமீட்டர் இடைவெளியில் ஒருபுறம் மரக்கட்டையும் மறுபுறம் தராசும் வைத்து, மேலே வலுவான பலகையைப் பாலமாக இடுக. பலகை மட்டும் காட்டும் எடையைக் குறித்துக்கொண்டு, கட்டையிலிருந்து 50 சென்டிமீட்டரில், பயணத்தில் இருக்கும் அதே உயரத்தில், ஏர்க்காலை இறக்குக. கூடிய எடையை மூன்றால் பெருக்கினால் உண்மையான பாரம் கிடைக்கும். நெம்புகோல் பாடத்திற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எளிதில் அகப்படாது.

இனி இணைப்புகளைக் காண்போம். இரண்டாம் உலகப்போர்க் கால ஜீப்புகளின் கால் டன் டிரெய்லர்களில் இருந்த கொக்கியும் வளையமும் கரடுமுரடான நிலத்திற்கு உகந்தவை. ஆனால் தளர்வாக இருப்பதால் ஆட்டத்தைத் தடுப்பதில்லை. சாதாரணக் குமிழும் கிண்ணமும் இலேசான டிரெய்லருக்குப் போதும்.

பளு மிகும்போது வேறொரு தொல்லை எழுகிறது. பின்னச்சுக்கு 1.25 மீட்டர் பின்னால் 200 கிலோகிராம் அழுத்தினால், அச்சுகளுக்கிடையே 2.5 மீட்டர் உள்ள காரின் முன்னச்சிலிருந்து 100 கிலோகிராம் குறைந்துவிடும். பின்னச்சில் 300 ஏறும். முன்சக்கரங்கள் பிடிப்பிழந்தால் திசைச்சக்கரம் சொன்னபடி கேளாது. வில்தண்டுகள் கொண்ட பாரப்பகிர்வு இணைப்பு இக்குறையை நீக்கி, பாரத்தில் ஒரு பங்கை முன்னச்சுக்கும் டிரெய்லரின் அச்சுக்கும் திருப்பித் தருகிறது. எனினும் இதுவே ஊசலாட்டத் தடை என்று பலர் எண்ணுவது பிழை. தடைக்கெனத் தனி உறுப்பு வேண்டும்.

அவற்றுள் மலிவானது உராய்வுத்தண்டு. இரு தகடுகளுக்கிடையே இறுக்கப்பட்ட தண்டு ஆட்டத்தின் ஆற்றலை வெப்பமாக்கிவிடும். பின்னோக்கி ஓட்டுமுன் அதைக் கழற்றவேண்டியிருப்பதே அதன் குறை. ஐரோப்பாவில் பெரிதும் வழங்கும் வகையில் உராய்வுப் பட்டைகள் குமிழையே இறுகப் பற்றுகின்றன. ஆகவே அக்குமிழில் மசகு தடவக்கூடாது, புதுக் குமிழின் வண்ணப்பூச்சையும் சுரண்டிவிட வேண்டும். பழக்கத்தால் மசகு பூசிவிட்டுத் தடை வேலைசெய்யவில்லை என்று குறைகூறுவோர் உண்டு.

உராய்வு, பிறந்த ஆட்டத்தை அடக்குவது. ஆட்டத்தைப் பிறவாமலே தடுக்கும் முறையை ஜிம் ஹென்ஸ்லி என்னும் அமெரிக்கர் வகுத்தார். இதில் குமிழுக்கும் காருக்குமிடையே நாற்கரமாக அமைந்த இணைதண்டுகள் உள்ளன. அவற்றுள் முன்னோக்கி ஒடுங்கிவரும் இரு தண்டுகளின் கோடுகளை நீட்டினால் அவை காரின் பின்னச்சுக்கு அருகே சந்திக்கும். டிரெய்லர் அக்கற்பனைப் புள்ளியைச் சுற்றியே திரும்பவல்லது. பின்னச்சிலேயே தள்ளும் விசைக்கு நெம்புகோல் நீட்டம் ஏது? ஆகவே டிரெய்லர் காரைத் திருப்ப இயலாது. கார் டிரெய்லரைத் திருப்பலாம். சரக்குந்துகளின் அரைடிரெய்லர்கள் உறுதியாக ஓடுவதற்கும், திறந்த பின்தட்டுள்ள வண்டிகளில் பின்னச்சின்மேல் பொருத்தும் ஐந்தாம் சக்கர இணைப்புக்கும் தத்துவம் இதுவே. நாற்கர இணைப்பு விலையும் எடையும் மிக்கது. ஆண்டில் ஓரிரு முறை, சிறு டிரெய்லருடன், அடங்கிய வேகத்தில் செல்வோருக்கு உராய்வுத் தடையே போதும். நீண்ட, உயரமான டிரெய்லரைக் காற்றுமிக்க வெளிகளில் நாள்முழுதும் இழுப்போருக்கு அவ்விலை வீணன்று. எதை வாங்கினும் காரிலும் இணைப்பிலும் பொறித்துள்ள பாரவரம்புகளுள் சிறியதையே எல்லையாகக் கொள்ளவேண்டும்.

நல்ல இணைப்பிருந்தும் ஆட்டம் தொடங்கினால், காரின் பிரேக்கை ஓங்கி மிதித்தலும் வேகத்தைக் கூட்டுதலும் ஆகா. திசைச்சக்கரத்தை நேராகப் பிடித்து, விசைமிதியிலிருந்து காலை மெல்ல எடுக்கவேண்டும். டிரெய்லருக்குத் தனிக் கைப்பிடிப் பிரேக் இருந்தால் அதைமட்டும் மிதமாக இயக்குக. டிரெய்லர் பின்னுக்கு இழுபட்டு நேராகும். பின்னர் ஓரமாக நிறுத்தி, டயர்களின் காற்றையும் பாரம் பின்னே சரிந்துள்ளதா என்பதையும் பார்த்தபின்னரே பயணத்தைத் தொடர்க.